காலிங் கார்டு: பெயர் ஒருவருடையது, லைன் வேறொருவருடையது

காலிங் கார்டு என்பது அதில் இருக்கும் எண்ணை போனில் அடித்துத் தொலைதூரத்துக்குப் பேச உதவும் அட்டை. அதன் முகப்பில் இருக்கும் பெயருக்கும் உங்கள் குரலைச் சுமந்து போகும் கம்பெனிக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. பெங்களூரில் இரவு ஷிப்டில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களின் கார்டு புகார்களைக் கேட்டுக் கேட்டு எனக்கு முதலில் உறைத்தது இதுதான். இது புரிந்துவிட்டால், "அஞ்சு டாலர் கார்டுல நூறு நிமிஷம்னு போட்டிருந்தான், இருபது நிமிஷத்துல தீர்ந்துபோச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம் பாதி விளங்கிவிடும்.

2000களின் தொடக்கம். வேலூர் பக்கத்திலிருந்து வந்து அல்சூரில் ஒரு பி.ஜி.யில் தங்கியிருந்தேன். சாயங்காலம் டாடா சுமோ வந்து அள்ளிக்கொண்டு போகும், விடிந்த பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். எங்கள் கால் சென்டர் அமெரிக்காவில் தொலைதூர அழைப்பு விற்கும் ஒரு கம்பெனிக்காக வேலை செய்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பயிற்சியில் உச்சரிப்புக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியைக்கூட பில் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கவில்லை. கார்டு எப்படி ஓடுகிறது என்பதை வாடிக்கையாளர்களின் கோபத்திலிருந்தும், எங்களுக்கு முன்னால் சேர்ந்த பழைய ஆட்களிடமிருந்தும்தான் கற்றுக்கொண்டோம்.

பொங்கலுக்கு ஊர் போகப் பெங்களூர் மடிவாளாவில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். டிக்கெட்டில் ஒரு டிராவல்ஸ் பெயர் இருக்கும், வந்து நிற்கும் பஸ்ஸில் இன்னொரு பெயர் இருக்கும், வழியில் வேறொரு பஸ்ஸுக்கு மாற்றினாலும் மாற்றுவார்கள். காலிங் கார்டும் அதே வியாபாரம்தான். டிக்கெட் எழுதுபவர், வண்டி ஓட்டுபவர், கடைசியில் வீட்டு வாசலில் இறக்கிவிடுபவர் என்று ஆளுக்கு ஒரு பங்கு.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் கார்டு போட்டு அல்சூருக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் வீட்டு போன் அல்லது செல்போன் கம்பெனி. அது கார்டின் பின்பக்கம் இருக்கும் அணுகு எண் வரைக்கும் மட்டும் அழைப்பைக் கொண்டுபோகும். அந்த எண்ணுக்குப் பின்னால் கார்டு கம்பெனியின் கம்ப்யூட்டர் இருக்கிறது. எங்கள் ஃப்ளோரில் அதை 'பிளாட்ஃபார்ம்' என்போம். பின் நம்பரை (PIN, கார்டின் ரகசிய எண்) கேட்பது, மிச்சப் பணம் எவ்வளவு என்று பார்ப்பது, எத்தனை நிமிடம் பேசலாம் என்று அறிவிப்பது எல்லாம் அதன் வேலை. பிறகு அது வெளியே புதிதாக இன்னொரு அழைப்பைப் போடும். அந்த இரண்டாவது அழைப்பைச் சுமக்க மொத்த வியாபாரக் கம்பெனிகள் பல இருக்கும். அந்த நேரத்தில் யார் மலிவோ அவர் பக்கம் திருப்பிவிடுவார்கள். இதற்கு 'ரூட்' என்று பெயர். அங்கிருந்து இந்தியாவின் சர்வதேச அழைப்புக் கம்பெனி வாங்கி, கடைசியில் பி.எஸ்.என்.எல். அல்லது ஏர்டெல் கையில் கொடுத்தால் அல்சூரில் மணி அடிக்கும்.

இதில் கார்டில் பெயர் போட்டவர் பல சமயம் எந்தக் கம்பியும் வைத்திருக்க மாட்டார். விநியோகஸ்தர், அவ்வளவுதான். அடித்துப் பேசினால் "பிளாட்ஃபார்ம் எங்களுடையது இல்லை" என்பார். பிளாட்ஃபார்ம்காரர் "ரூட் எங்களுடையது இல்லை" என்பார். ஒரே கார்டில் நேற்று தெளிவாகக் கேட்ட குரல் இன்றைக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது என்றால், இரவோடு இரவாக ரூட் மாறியிருக்கும். வாடிக்கையாளர் செய்யக்கூடியது ஒன்றுதான்: வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பது. இரண்டாவது தடவை வேறு ரூட்டில் போக வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு இன்னொரு தடவை இணைப்புக் கட்டணம் பிடிப்பார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டணத்தில்தான் சங்கதியே இருக்கிறது. அறிவிப்புக் குரல் "உங்களுக்கு நூறு நிமிடங்கள் இருக்கின்றன" என்று சொல்வது, வேறு எந்தப் பிடித்தமும் இல்லாவிட்டால் எவ்வளவு என்ற கணக்காக இருக்கலாம். கார்டின் பின்னால் எறும்பு எழுத்தில் இருக்கும் பிடித்தங்கள் தனி. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 5 டாலர் கார்டு, நிமிடத்துக்கு 5 சென்ட், ஆக 100 நிமிடம். இணைப்புக் கட்டணம் அழைப்புக்கு 49 சென்ட். 3 நிமிடம் 3 நிமிடமாகக் கணக்கு. வாரப் பராமரிப்புக் கட்டணம் 69 சென்ட். இப்போது நீங்கள் 4 நிமிடம் பேசினால் அது 6 நிமிடமாக ஏறும். 30 சென்டும் இணைப்புக்கு 49 சென்டும் சேர்ந்து 79 சென்ட். இப்படி ஐந்து தடவை பேசினால் 3 டாலர் 95 சென்ட். வாரக் கட்டணத்தையும் சேர்த்தால் 4 டாலர் 64 சென்ட். மிச்சம் 36 சென்டில் இன்னொரு இணைப்புக்கே வழியில்லை. பேசியது மொத்தம் 20 நிமிடம், கார்டு காலி. அதே கார்டை வாங்கிய கையோடு ஒரே அழைப்பாகப் பேசித் தீர்த்திருந்தால் 90 நிமிடம் கிடைத்திருக்கும். கார்டும் மாறவில்லை, விலையும் மாறவில்லை, பேசிய விதம்தான் மாறியது.

அதனால் என்னிடம் கேட்டவர்களிடமெல்லாம் நான் சொன்னது: உங்கள் வழக்கம் என்ன என்று பார்த்துக் கார்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசுபவர் என்றால் இணைப்புக் கட்டணம் இருக்கும் கார்டு, நிமிட விலை குறைவாக இருப்பது, அதுதான் லாபம். தினமும் "சாப்டியா, மாத்திரை போட்டியா" என்று இரண்டு நிமிடம் கேட்பவருக்கு அது கொள்ளை. நிமிட விலை இரண்டு மடங்கு இருந்தாலும் இணைப்புக் கட்டணம் இல்லாத, நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் போடும் கார்டுதான் அவருக்கு. பெரிய தொகைக்கு ஒரே கார்டு வாங்குவதைவிடச் சின்ன கார்டாக வாங்குவது நல்லது. வாரக் கட்டணம் கடிக்க ஆரம்பிப்பதற்குள் தீர்ந்துவிடும்.

இன்னொரு சின்ன வித்தை. பல கார்டுகளில் ஒரு அழைப்பு முடிந்ததும் வைத்துவிடாமல் ஹாஷ் (#) பொத்தானை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அடுத்த எண்ணைக் கேட்கும். அணுகு எண்ணுக்கு மறுபடி போட வேண்டியதில்லை, பின் நம்பர் அடிக்க வேண்டியதில்லை. பொது போனில் நின்று பேசுபவருக்கு இது பெரிய மிச்சம். அமெரிக்காவில் பொது போனிலிருந்து இலவச எண்ணுக்கு (பல கார்டுகளின் அணுகு எண் இந்த வகைதான்) போடும் ஒவ்வொரு அழைப்புக்கும் அந்தப் பொது போன் உரிமையாளருக்கு ஒரு தொகை போக வேண்டும் என்பது விதி. 1999ல் அது 24 சென்ட், 2004ல் 49.4 சென்ட் ஆனது. கார்டு கம்பெனிகள் அதை உங்கள் தலையில் கட்டும்போது அதற்கு மேலும் கொஞ்சம் வைத்துக் கட்டின. வைக்காமல் ஹாஷ் அழுத்தினால் அது ஒரு தடவையோடு போயிற்று.

அணுகு எண்ணிலும் இரண்டு வகை. இலவச எண் என்றால் அந்த அழைப்புக்கான காசைக் கார்டு கம்பெனி கட்டுகிறது, அதனால் உங்கள் நிமிட விலையில் அதை ஏற்றிவிடும். உள்ளூர் எண் என்றால் அந்தக் காசு உங்கள் போன் பில்லில் போகிறது, கார்டில் நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். வீட்டு போனில் உள்ளூர் அழைப்பு இலவசமாக இருக்கும் அமெரிக்க வீடுகளில் உள்ளூர் எண்தான் புத்திசாலித்தனம். செல்போனில் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே அந்தக் காலத்தில் இலவச எண்ணுக்குப் போட்டாலும் செல்போனின் நிமிடங்கள் கரையும். ஆனால் நிறைய திட்டங்களில் இரவு 9 மணிக்கு மேலும் சனி ஞாயிறும் நிமிடக் கணக்கே கிடையாது. எங்கள் பி.ஜி.க்கு எதிர் வீட்டுப் பாட்டிக்கு நியூ ஜெர்சியின் எடிசன் ஊரிலிருந்து மகள் போடும் போன், கோடையில் காலை 6:30 மணிக்கும் குளிர்காலத்தில் 7:30 மணிக்கும் வரும். அங்கே 9 மணி அடித்த கையோடு போடுகிறார் என்பது ஷிப்ட் முடித்து வந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்குத் தெரியும். பாட்டிதான், "ஏம்மா, மழை நாள்ல மட்டும் சீக்கிரம் கூப்பிடறா, மார்கழியானா லேட்டாக்கறாளே" என்று கேட்டார். அமெரிக்காவில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள் என்று சொன்னால் நம்பவில்லை. இன்றுவரை நம்பியதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னது முன்பணக் கார்டு. எங்களுக்கு வந்த புகார்களில் கனமானவை மாதம் கடைசியில் பில் வரும் பழைய வகைக் கார்டைப் பற்றியவை. "நான் உங்கள் வாடிக்கையாளர், என் பில்லில் பெயர் தெரியாத ஒரு கம்பெனி எதற்குக் காசு கேட்கிறது?" இதற்குப் பதில் சொல்ல அந்த ஊர் டெலிபோன் வரலாறே தெரிந்திருக்க வேண்டும்.

1984 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் மாபெரும் டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்டு டி.யை உடைத்தார்கள். உள்ளூர் போன் தனிக் கம்பெனிகள் கைக்குப் போயிற்று. தொலைதூரம் ஏ.டி. அண்டு டி., எம்.சி.ஐ., ஸ்பிரிண்ட் என்று போட்டி. வீட்டில் எந்தத் தொலைதூரக் கம்பெனி வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்துவிடலாம். ஆனால் ஹோட்டல் அறையிலும் ரயில் நிலையத்துப் பொது போனிலும் அதைத் தேர்ந்தெடுப்பவர் அந்த போனின் சொந்தக்காரர். யார் அவருக்கு அதிகக் கமிஷன் தருகிறாரோ அவரை வைப்பார். நீங்கள் பூஜ்யம் அழுத்தி, எண்ணைப் போட்டு, கார்டு நம்பரை அடித்தால், அழைப்பு அந்தக் கமிஷன் கம்பெனிக்குப் போகும், உங்கள் கம்பெனிக்கு அல்ல.

அப்படியென்றால் உங்கள் கார்டு நம்பரை அவர் எப்படி ஏற்றுக்கொண்டார்? உள்ளூர் போன் கம்பெனிகள் கொடுத்த கார்டு நம்பர் என்பது பெரும்பாலும் உங்கள் பத்து இலக்க போன் எண்ணும் நான்கு இலக்க ரகசிய எண்ணும்தான். அது செல்லுமா செல்லாதா என்று சரிபார்க்கப் பொதுவான தரவுத்தளம் இருந்தது. காசு கட்டி எந்தத் தொலைதூரக் கம்பெனியும் அதில் கேட்டுப் பார்க்கலாம். சரி என்று பதில் வந்தால் அழைப்பை இணைத்துவிட்டு, தன் விலையைப் போட்டு, உங்கள் உள்ளூர் கம்பெனி பில்லிலேயே ஒரு பக்கமாகச் சேர்த்து அனுப்பிவிடும். இதைத் தடுக்க ஏ.டி. அண்டு டி. 1990களின் தொடக்கத்தில் போன் எண்ணோடு சம்பந்தமில்லாத தனி எண் வைத்த கார்டுகளைக் கொடுத்தது. போட்டியாளர்களால் அதைச் சரிபார்க்க முடியாது. வாடிக்கையாளருக்கு அது ஒருவகையில் பாதுகாப்பு, போட்டிக் கம்பெனிகளுக்குப் பெரிய எரிச்சல். அதற்காக ஒழுங்குமுறை ஆணையம்வரை போய்ச் சண்டை போட்டார்கள்.

தப்பிக்கும் வழி அப்போது சுலபம்தான். எந்த போனிலிருந்தாலும் உங்கள் கம்பெனியின் இலவச எண்ணுக்கு முதலில் போட்டுவிட வேண்டும். ஏ.டி. அண்டு டி.க்கு 1-800-225-5288. இல்லையென்றால் கம்பெனியின் சங்கேத எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும்: அவர்களுக்கு 10288, எம்.சி.ஐ.க்கு 10222, ஸ்பிரிண்டுக்கு 10333. 1998ல் இவை ஏழு இலக்கமாகி 1010288 என்ற மாதிரி மாறின. 1990ல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டப்படி பொது போன்காரர் இந்த எண்களை அடைத்து வைக்கக்கூடாது. இணைக்கும் கம்பெனி தன் பெயரை முதலிலேயே சொல்ல வேண்டும், பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டால் காசு வாங்கக்கூடாது. என்னிடம் பேசிய வாடிக்கையாளர்களில் அந்தப் பெயரைக் காதில் வாங்கியவர்கள் மிகக் குறைவு. அறிவிப்பு வரும்போது எல்லோரும் பர்ஸில் கார்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆன்சைட் வேலைக்கு அமெரிக்கா போகும் நம் ஆட்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வேறு பெயர் கேட்டால் யோசிக்காமல் வை.

போகிற போக்கில் இன்னொன்று. விமானநிலையத்தில் கார்டு எண்ணை அடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று விரலைப் பார்த்து எண்ணைத் திருடி விற்பது நியூயார்க்கில் ஒரு தொழிலாகவே நடந்தது. முன்பணக் கார்டு என்றால் போவது அஞ்சோ பத்தோ டாலர். பில் வரும் கார்டில் எல்லை கிடையாது. மறு கையால் மறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கும்.

பெயர் விளையாட்டின் உச்சம், மேலே சொன்ன ஏழு இலக்கச் சங்கேத எண் வகையான 10-10 எண்கள். டி.வி.யில் 10-10-220, 10-10-321 என்று விடாமல் விளம்பரம் ஓடிய காலம். யாரோ புது ஆள் மலிவாகக் கொடுக்கிறான் என்று மக்கள் நினைத்தார்கள். இரண்டும் எம்.சி.ஐ.யின் கையில்தான் இருந்தன. 10-10-345 என்ற இன்னொன்று ஏ.டி. அண்டு டி.யுடையது. 220ல் 20 நிமிடம் வரை 99 சென்ட், அதாவது முழுசாகப் பேசினால் நிமிடத்துக்கு ஐந்து சென்டுக்குக் கொஞ்சம் கீழே என்று கணக்கு. எதிர்முனையில் பதில் சொல்லும் கருவி எடுத்து நீங்கள் அரை நிமிடத்தில் வைத்தாலும் அதே 99 சென்ட். இணைப்புக் கட்டணத்தை நிமிடத்துக்குள் ஒளித்து வைத்த வடிவம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுக் காலையில் அல்சூர் மார்க்கெட் பக்கத்து மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. (வெளியூர் அழைப்பு) பூத்தில் நின்று வீட்டுக்குப் பேசும்போது சிரிப்பு வரும். நமக்கு அப்போது இந்தத் தலைவலி எதுவும் இல்லை, தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லாததால். தேசியத் தொலைதூர அழைப்பில் 2000ல்தான் தனியாரை விட்டார்கள். வெளிநாட்டு அழைப்பு 2002 மார்ச் முடியும்வரை வி.எஸ்.என்.எல். ஒருவரிடம்தான். அதன் பிறகாவது, அமெரிக்கா மாதிரி எண்ணுக்கு முன்னால் சங்கேத எண் போட்டுத் தொலைதூரக் கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2002ல் விதி கொண்டுவந்தது. நடைமுறைக்கு வரவே இல்லை. பழைய எக்ஸ்சேஞ்சுகளை மாற்றச் செலவு அதிகம் என்று தள்ளித் தள்ளிப் போட்டார்கள். அதற்கு மாற்றாக, தொலைதூரக் கம்பெனிகளே நேரடியாகக் காலிங் கார்டு விற்கலாம் என்று டிராய் 2008ல் பரிந்துரைத்தது. கார்டு அழைப்பைத் தொடங்கி வைக்கும் செல்போன் கம்பெனிக்கு எவ்வளவு கொடுப்பது என்று இழுத்து, 2014 ஆகஸ்டில்தான் முடிவானது: மொபைலில் நிமிடத்துக்கு 40 காசு, லேண்ட்லைனில் 1 ரூபாய் 20 காசு. அடுத்த வருடமே வாட்ஸ்அப்பில் பேச வசதி வந்துவிட்டது. கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்த பிறகு வந்து சேர்ந்த பத்திரிகை அது.

ஆனாலும் நம் ஊரிலும் ஒரு கார்டு எனக்கு நிஜமாகவே உதவியது. பி.எஸ்.என்.எல்.லின் ஐ.டி.சி. (இந்தியா டெலிபோன் கார்டு). எங்கள் பி.ஜி. ஓனர் ஆண்ட்டி போனில் எஸ்.டி.டி.யைப் பூட்டி வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டுப் பெண்கள், எட்டு ஊர். இந்தக் கார்டு இருந்தால் பூட்டிய போனிலிருந்தும் எஸ்.டி.டி. பேசலாம். காசு கார்டிலிருந்து போகும், ஆண்ட்டி பில்லில் எஸ்.டி.டி. ஏறாது. பூத்தில் இரவு 11 மணி கால் கட்டணத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பெண்கள் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெரிய வசதி. ஒரே நிபந்தனை, பி.எஸ்.என்.எல். லைனாக இருக்க வேண்டும். தனியார் லைன் எடுத்த பக்கத்து பி.ஜி.யில் எங்கள் கார்டு செல்லவில்லை. கார்டை வாங்கும் முன் எந்த லைனிலிருந்து எடுக்கும் என்று கேட்கும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிடம் ஒரு ரூபாய் என்று 'ஒன் இந்தியா' திட்டம் கொண்டுவந்ததும் கார்டுக்கும் வேலை போயிற்று, பூத்துக்கும் வேலை போக ஆரம்பித்தது.

பாட்டி வீட்டுக்குத் திரும்பினால், அங்கே வேறொரு மர்மம். மகள் எடிசனில் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் புதுசாக ஒரு கார்டு வாங்கினார். விலை சல்லிசு. அதிலிருந்து வரும் அழைப்பு பாட்டியின் போன் திரையில் இந்திய மொபைல் எண்ணாகத் தெரிந்தது. "பெங்களூருக்கே வந்துட்டாளா?" என்று பாட்டி திருப்பி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. இது கள்ள ரூட். அப்போது வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அணுகல் பற்றாக்குறைக் கட்டணம் என்று ஒன்று இருந்தது. 2004ல் நிமிடத்துக்கு 4 ரூபாய் 25 காசு. கிராமத்து லேண்ட்லைன்களின் நஷ்டத்தை ஈடுகட்ட வசூலித்தது. அதைக் கட்டாமல் ஏமாற்ற, அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, இங்கே ஒரு அறையில் வரிசையாக சிம் கார்டுகள் செருகிய பெட்டி வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். அந்தக் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து 2008ல் எடுத்தே விட்டார்கள். பெட்டிகள் மட்டும் ஒழியவில்லை. 2021ல் பெங்களூரிலேயே பி.டி.எம். லேஅவுட்டில் இப்படி ஒன்றைப் பிடித்தார்கள்.

பேசுபவருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். முதலாவது, அழைத்தவர் யார் என்ற அடையாளமே போய்விடுகிறது, அதனால்தான் பாதுகாப்புத் துறைக்கு இதில் அவ்வளவு அக்கறை. இரண்டாவது, சில மட்டமான ரூட்களில் எதிர்முனை எடுக்கும் முன்பே, மணி அடிக்கும்போதே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். நீங்கள் பேசாத நிமிடத்துக்கும் காசு. சோதிக்க வழி இருக்கிறது. யாரும் எடுக்காத ஒரு எண்ணுக்குப் போட்டு, நன்றாக மணி அடிக்க விட்டு, வைத்துவிட்டு, மறுபடி கார்டில் நுழைந்து மிச்சம் எவ்வளவு என்று கேளுங்கள். குறைந்திருந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பாருங்கள். பாட்டியின் மகளிடம் இதைச் சொன்னேன். செய்து பார்த்தார், அடுத்த வாரமே கார்டு மாறியது. திரையில் பழையபடி விசித்திரமான வெளிநாட்டு எண் வர ஆரம்பித்தது, பாட்டிக்கும் நிம்மதி.

இது தனிப்பட்ட புலம்பல் இல்லை. 2008ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் சில முன்பணக் கார்டு விநியோகஸ்தர்கள் மீது வழக்குப் போட்டது. கார்டுகளை வாங்கிச் சோதித்துப் பார்த்தபோது விளம்பரத்தில் சொன்ன நிமிடங்களில் சராசரியாகப் பாதி அளவுதான் கிடைத்தது என்று ஆணையம் சொன்னது. வாங்குபவர்கள் பெரும்பாலும் புலம்பெயர்ந்த கூலிக்காரர்கள், ஆங்கிலத்தில் புகார் செய்யத் தயங்குபவர்கள் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். அதே சமயம் எல்லாக் கார்டுக்காரரையும் ஒரே தராசில் போட முடியாது. நம் ஆட்களுக்கு லைக்கா என்றால் சினிமா ஞாபகம் வரும். லைக்காமொபைல் 2006ல் வருவதற்கு முன்னால் அவர்கள் செய்துகொண்டிருந்தது லைக்காடெல் என்ற காலிங் கார்டு வியாபாரம்தான். புலம்பெயர்ந்தவனின் ஊர் ஏக்கத்துக்கு எவ்வளவு பெரிய சந்தை இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், என் அக்கா பையன் ஷார்ஜாவில் வேலைக்குப் போயிருக்கிறான். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது. அனுமதி வாங்கிய செயலிகள் சிலவற்றுக்கு மாதச் சந்தா. எட்டிசலாட், டு என்ற இரண்டு கம்பெனிகளும் வெளிநாட்டு அழைப்புக்கு கார்டும் பேக்கும் விற்கின்றன. கேம்பில் இருக்கும் சக ஊழியர்கள் ஆளுக்கு ஒரு கார்டு சொல்கிறார்கள், "சித்தி, எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். உன் போன் நம்பர் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி கார்டையே வாங்கு, மற்றது உன் சிம்மில் எடுக்குமா என்று கேட்காமல் வாங்காதே என்றேன். கடைசி நிமிடக் கணக்கு எப்படி, ஒரு தடவை போட்டால் குறைந்தபட்சம் எவ்வளவு பிடிப்பான், எத்தனை நாளில் காலாவதி, இந்த மூன்றையும் கடையிலேயே கேள். சுரண்டும் இடம் ஏற்கெனவே சுரண்டியிருந்தால், ஸ்டிக்கர் கொஞ்சம் கிளம்பியிருந்தால்கூட வேண்டாம். முதல் அழைப்பை நீளமாகப் பேசு, கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொள், முடித்ததும் மிச்சம் கேள். இரண்டையும் ஒப்பிட்டாலே அந்தக் கார்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

புகார் செய்ய வேண்டியிருந்தால் என்ன வேண்டும் என்பதை மேஜையின் அந்தப் பக்கம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். "கார்டு வேலை செய்யவில்லை" என்று சொன்னால் எங்களால் எதையும் தேட முடியாது. கார்டின் பின்னால் இருக்கும் வரிசை எண் (பின் நம்பர் வேறு, அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்), எந்த அணுகு எண்ணுக்குப் போட்டீர்கள், எந்த போனிலிருந்து, எந்த எண்ணை அழைத்தீர்கள், எந்த ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு. இவ்வளவும் இருந்தால் அந்த ஒரு அழைப்பின் பதிவு எடுக்க முடியும், எத்தனை விநாடிக்கு எவ்வளவு பிடித்தது என்று தெரியும், பிடித்தது தப்பென்றால் அந்த அழைப்பிலேயே பணத்தைத் திரும்ப ஏற்றிவிடும் அதிகாரம் எங்களுக்கு இருந்தது. அதற்கு மேல் போனால் மேற்பார்வையாளர், அவருக்கு மேல் காத்திருப்பு இசை. கார்டு தீர்ந்ததும் குப்பையில் போட்டுவிட்டு மறுநாள் கூப்பிடுபவர்கள்தான் அதிகம். பணம் போன அன்றே, கார்டு கையில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.